மாலை ஆறரைக்கு வீட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி:

"வணக்கம். உட்லண்ட்ஸில் நாலறை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், உயர்நிலை 2-இல் படிக்கும் மகன், தொடக்கநிலை 4-இல் படிக்கும் மகள், 71 வயது மாமியார் என்று ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு அலுவலக வேலை, கணவருக்கு ஷிஃப்ட் வேலை. போன மாதம் சாப்பாட்டுக்கு மட்டும் 1,840 வெள்ளி ஆகிவிட்டது. ரசீதுகளை எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஜொகூர் போய் வாங்கினால் பாதி விலைதான் என்கிறார் கணவர். தேக்கா சந்தை இருக்கும்போது பேரங்காடியில் ஏன் வாங்குகிறாய் என்கிறார் மாமியார். நான் என் பங்குக்குப் பல நாள் மதியம் அலுவலகத்தில் நாலு பிஸ்கட்டும் ஒரு மைலோவுமாக முடித்துக்கொள்கிறேன். வாங்கும் காய்கறியில் பாதி வாடிக் குப்பைக்குப் போகிறது. பார்த்தால் அழுகையே வருகிறது. உறைந்த கோழி என்றால் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கு உரியதை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டோம், மற்றது அப்படியே கிடக்கிறது. எங்கே குறைப்பது என்று சொல்லுங்கள்."

– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு பேசலாம். நாளையிலிருந்து மதியம் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். உணவியல் ஆலோசகராக இதைச் சொல்வது என் கடமை. ஆனால் கடமைக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் ரசீதுகளே அதைத்தான் சொல்கின்றன.

இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். வெளியில் சாப்பிட்ட மதிய உணவும் காப்பியும் மொத்தம் 220 வெள்ளி. அதில் 168 உங்கள் கணவருடையது, 52 உங்களுடையது. ஒரு மாதத்துக்கு 52 வெள்ளி. ஐந்து பேர் உள்ள வீட்டில் தன் வாயைக் கட்டியவர் நீங்கள் ஒருவர்தான். அதே ரசீதுக் கட்டில் உணவு டெலிவரி ரசீதுகள் 14 இருந்தன, மொத்தம் 410 வெள்ளி. சராசரியாகப் பார்த்தால் ஒரு தடவைக்கு 29 வெள்ளி. ஒவ்வொன்றிலும் நேரம் அச்சாகியிருந்ததால் அதையும் எழுதி வைத்துப் பார்த்தேன். 14-இல் 11, வேலை நாள் மாலை ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவே அனுப்பிய ஆர்டர்கள்.

மதியம் பிஸ்கட்டோடு இருந்துவிட்டு, ரயிலில் நின்றபடி வீடு வந்து சேர்கிறவருக்கு அந்த நேரத்தில் வெங்காயம் உரிக்கத் தெம்பு இருக்காது. பசியில் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். மதியம் 5 வெள்ளியை மிச்சம் பிடித்தீர்கள், மாலையில் 29 வெள்ளி போனது. இது உங்கள் குற்றம் இல்லை. பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். என்னிடம் வருகிற எத்தனையோ பெண்களிடம் இதையே பார்க்கிறேன். வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் அவர்கள் முதலில் கைவைப்பது தங்கள் தட்டில்தான்.

மீதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பேரங்காடியில் 640, தேக்கா பக்கத்து மளிகைக் கடைகளில் 170. சமைக்க வாங்கியது ஆக 810. வெளிப்பக்கம் டெலிவரி 410, காப்பிக் கடையில் கட்டி வாங்கியது 250, மதிய உணவு 220, பிள்ளைகளின் பள்ளிக் கைச்செலவு 150. ஆக 1,030. நீங்களும் உங்கள் கணவரும் மாமியாரும் பேசிக்கொள்வதெல்லாம் அந்த 810-ஐ எந்தக் கடையில் கொடுப்பது என்பதைப் பற்றித்தான். பெரிய தொகை வெளிப்பக்கம் இருக்கிறது. உங்கள் வீடு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். புள்ளிவிவரத் துறை 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் குடும்பச் செலவின ஆய்வைப் பார்த்தாலும், இந்த ஊரில் சாப்பாட்டுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி உணவங்காடி, காப்பிக் கடை, உணவகம் என்று வெளியில்தான் போகிறது.

விலை ஏறியிருப்பது உண்மை. பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடு, 2024 ஜனவரியில் 9 விழுக்காடு என்று ஏறியது. நமக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதும், 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டபோதும் நம் அடுப்படியில் அது தெரிந்தது. இவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை. மாலை ஆறரை மணி உங்கள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டைத் திறந்தால் பாதி ஆன சமையல் காத்திருக்க வேண்டும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

உங்கள் ரசீதிலுள்ள விலைகளை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து பேருக்குச் சோறு, சாம்பார், கீரைப் பொரியல், ஆளுக்கொரு முட்டை. 5 கிலோ பொன்னி 12.50-க்கு வாங்கியிருக்கிறீர்கள். அரை கிலோ அரிசிக்கு 1.25 ஆகிறது. துவரம்பருப்பு 150 கிராம், 54 காசு. முட்டை ஐந்து, 1.40. கீரை இரண்டு கட்டு, 2.40. எண்ணெய், புளி, தாளிக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் தாராளமாக 1 வெள்ளி. மொத்தம் 6 வெள்ளி 60 காசு கூட வரவில்லை. 29 எங்கே, இது எங்கே! அந்தப் 11 மாலைகளில் எட்டை மட்டும் வீட்டுச் சாப்பாடாக மாற்றினாலும் மாதம் 175 வெள்ளிக்கு மேல் நிற்கும். மீதி மூன்று மாலை டெலிவரி வரட்டும். பிள்ளைகளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம்.

சரி, பாதிச் சமையல் எப்படிக் காத்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். உறைபெட்டியில் கொஞ்சம் இடம் வேண்டும். பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களையும், எதற்கென்று மறந்துபோன பொட்டலங்களையும் எடுத்து வெளியே போடுங்கள்.

முதலில் பருப்பு. அரை கிலோ துவரம்பருப்பை ஒரே தடவையாகக் குக்கரில் வேகவைத்து, உப்பு போடாமல் மசித்து, ஆறியதும் நாலு டப்பாவில் பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு மாதம் கெடாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டப்பாவைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலையில் இளகியிருக்கும். அதில் புளித்தண்ணீரும் சாம்பார்ப் பொடியும் இருக்கிற காயும் சேர்த்தால் இருபது நிமிடத்தில் சாம்பார். தக்காளியும் மிளகும் தட்டிப் போட்டால் ரசம். கீரையைப் போட்டுக் கடைந்தால் கூட்டு. ஒரே டப்பா மூன்று விதமாகத் திரும்புவதால் 'இன்றைக்கும் சாம்பாரா' என்ற முனகலும் வராது. கொண்டைக்கடலையையும் பச்சைப்பயறையும் இதே மாதிரி ஊறவைத்து வேகவைத்து வைக்கலாம்.

அடுத்தது வெங்காயத் தொக்கு. ஒன்றரைக் கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் ஐந்தாறு குழம்புக்கு அடித்தளம் தயார். இதையும் சின்ன டப்பாக்களில் உறைய வையுங்கள். முட்டையை அவித்துப் போட்டால் முட்டைக் குழம்பு, கொண்டைக்கடலையைப் போட்டால் சென்னா. நம் சமையலில் நேரத்தைத் தின்பது வெங்காயம் வதங்குகிற அந்த இருபத்தைந்து நிமிடம்தான். அதை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டால் செவ்வாய்க்கிழமை நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கத் தயங்கமாட்டீர்கள்.

அப்புறம் மாவு. கிரைண்டர் இருந்தால் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. நம் ஊர்ச் சூட்டில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், பொங்கியவுடன் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். நாலைந்து நாள் நன்றாக இருக்கும். கிரைண்டர் இல்லை, இடுப்பு வலிக்கிறது என்றால் கடை மாவையே வாங்குங்கள். இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். மாவு வாங்குவது சோம்பேறித்தனம் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. சில வெள்ளி கொடுத்து வாங்கிய மாவுப் பொட்டலம் 29 வெள்ளி டெலிவரியைத் தடுக்கிறது என்றால் அந்தப் பொட்டலம் சிக்கனம்தான். வெட்டி வைத்த உறைந்த காய், துருவிய தேங்காய் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. 'நானே செய்தால் இதைவிட மலிவு' என்று யோசிக்காதீர்கள். அது வீட்டில் இல்லாவிட்டால் அன்றைக்கு மாலை என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

என் அம்மா துறைமுகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஆறு பேருக்குச் சமைத்தவர். வேகவைத்த பருப்பு ஒரு டப்பாவும் வறுத்த நெத்திலிச் சம்பால் ஒரு பாட்டிலும் இல்லாமல் எங்கள் குளிர்பெட்டியை நான் பார்த்ததே இல்லை. அப்பா இரவு எந்த நேரத்தில் வந்தாலும் பத்து நிமிடத்தில் சுடச்சுடத் தட்டு வந்துவிடும். அது அன்பு என்று அப்போது நினைத்தேன். அன்பேதான். அதோடு, வெளியில் சாப்பிட வசதியில்லாத ஒரு வீட்டின் கணக்கும் அதில் இருந்தது என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் இந்தக் காலத்தில் இதை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. உங்கள் மகனுக்குப் பதினாலு வயது. ஆறு மணிக்கு அரிசியைக் கழுவிக் குக்கரில் வைக்க அவனால் முடியும், தோசை ஊற்றவும் முடியும். முதல் வாரம் கோணல்மாணலாக வரும், வரட்டும். அத்தையிடம் 'நீங்கள் சொல்வது சரி, செலவு அதிகம்தான், எனக்கு உதவுங்கள்' என்று சொல்லி, கீரை ஆய்வதையும் காலையில் டப்பா மாற்றுவதையும் அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். தேக்காவைப் பற்றிய பேச்சே பாதி குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். கணவருக்கு இரவு ஷிஃப்ட் முடிந்த மறுநாள் ஓய்வு உண்டென்றால் சந்தைக்குப் போவது அவர் வேலை.

இரவுச் சமையலிலேயே உங்களுக்கு ஒரு டப்பா, கணவருக்கு ஒரு டப்பா எடுத்து வைத்துவிடுங்கள். மற்றவர்கள் உட்காருவதற்கு முன்னால் எடுங்கள். மிஞ்சினால் எடுக்கலாம் என்று விட்டால் மிஞ்சாது. சோற்றைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். இரவெல்லாம் மேசையில் இருந்த சோற்றை மறுநாள் சூடாக்கினாலும் சில கிருமிகளின் நஞ்சு போகாது. அலுவலகத்தில் ஒரே தடவை நன்றாக ஆவி வரச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

இப்போது வாடிப்போகும் காய்கறிக்கு வருகிறேன். உங்கள் ரசீதுகளில் காய்கறி 148 வெள்ளி. பாதி குப்பைக்குப் போகிறது என்கிறீர்கள், அதாவது 74 வெள்ளி. டெலிவரி வந்த மாலைகளில்தான் அந்தக் கீரை சமைக்கப்படாமல் கிடந்திருக்கும். ஆக ஒரே இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் வீட்டுக் குப்பையை எடுத்து ஆராய்ந்தபோது, ஒரு வீடு வாரத்துக்குச் சராசரியாக இரண்டரைக் கிலோ உணவை வீசுகிறது, அதில் பாதிக்கு மேல் வீணாகாமல் தடுத்திருக்கலாம் என்று கண்டது. உங்கள் அழுகையைப் புரிந்துகொள்கிறேன். அதற்கு மருந்து எளிது. கங்கோங், சைசிம், கீரை போன்ற இலைக்காய்களை இரண்டு நாளுக்கு வேண்டியது மட்டும் வாங்கி முதலில் சமையுங்கள். முட்டைக்கோஸ், கேரட், பூசணி, முள்ளங்கி வாரக் கடைசிவரை தாங்கும், அவற்றைப் பிற்பாதி வாரத்துக்கு வையுங்கள். உறைந்த பட்டாணியும் பீன்ஸும் அவசரத்துக்கு. உறைந்த காயில் சத்து இல்லை என்பது தவறான எண்ணம். பறித்த சில மணி நேரத்தில் உறைய வைப்பதால் நாலு நாள் வாடிய காயைவிட அது மேல்.

கோழிக்கும் இதுதான். வீட்டில் உறைந்த கோழி என்றால் யாருக்கும் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிரேசிலிலிருந்து வரும் உறைந்த கோழிக்கும் புதுக்கோழிக்கும் புரதத்தில் வித்தியாசம் கிடையாது. வறுவலுக்குப் புதுக்கோழி இருக்கட்டும், மசாலா ஊறும் குழம்புக்கு உறைந்தது போதும். முதல் நாள் இரவே கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள், மேசையில் வைக்க வேண்டாம். இளகியதைத் திரும்ப உறைய வைக்கவும் வேண்டாம்.

மாமியாரின் சர்க்கரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்று ஆரம்பித்தால் நம் வீடுகளில் முதலில் குறைவது காயும் மீனும், கூடுவது சோறு. சர்க்கரை உள்ளவருக்கு அது ஆகாது. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கு நல்ல அளவுகோல்: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு புரதம், கால் தட்டு முழுதானியச் சோறு. புரதம் என்றால் வஞ்சிரமும் ஆட்டிறைச்சியும்தான் என்றில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தெம்பேயை நம்மவர்களில் பலர் இன்னும் வாங்குவதில்லை. மெல்லியதாக வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிக் கொஞ்சம் எண்ணெயில் வறுத்தால் உங்கள் பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடுவார்கள். மீனில் கெம்போங் (கானாங்கெளுத்தி) வாங்குங்கள். நல்ல கொழுப்பு உள்ள மீன், குழம்புக்கும் வறுவலுக்கும் அருமை, வஞ்சிர விலை கிடையாது. வாவலும் இறாலும் சீனப் புத்தாண்டை ஒட்டி விலை ஏறும், அந்தச் சில வாரம் அவற்றைத் தொடாதீர்கள். தோசை இரவு என்றால் அத்தைக்கு இரண்டு தோசையோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சாம்பாரோ கட்டாயம் இருக்கட்டும், சட்னி மட்டும் போதாது. மருந்து அளவை மாற்றுவது பற்றி எதுவானாலும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுத்தான்.

ஜொகூர் விஷயத்தில் கணவர் வருத்தப்பட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். எப்படியும் உறவினரைப் பார்க்கப் போகிறீர்கள், வரும்போது வாங்கி வருகிறீர்கள் என்றால் நல்லது. சாமான் வாங்குவதற்காகவே ஐந்து பேரும் கிளம்பினால் கடற்பாலத்தில் போகும் நேரம், பெட்ரோல், சுங்கம், அங்கே சாப்பிடும் சாப்பாடு எல்லாம் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். முட்டை ஆளுக்கு 30-க்கு மேல் கொண்டுவர முடியாது, இறைச்சிக்கும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் கட்டுப்பாடு இருக்கிறது. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டு வந்தால் 100 வெள்ளிப் பொருளுக்குத்தான் வரிச் சலுகை.

தேக்கா விஷயத்தில் அத்தை சொல்வதில் பாதி சரி. பருப்பு, புளி, மிளகாய், மல்லி, இட்லி அரிசி எல்லாம் அங்கே மாதம் ஒருமுறை வாங்குங்கள். காய்கறிக்காக உட்லண்ட்ஸிலிருந்து அங்கே போக வேண்டாம். மார்சிலிங் சந்தை பக்கத்தில் இருக்கிறது, மதியத்துக்கு முன் கடை கட்டுகிற நேரத்தில் போனால் காயைக் குவித்து விலை குறைத்துக் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். தள்ளுபடி என்று பெரிய மூட்டையாகப் பருப்பும் மாவும் வாங்கி அலமாரியில் வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் வண்டு விழுந்துவிடும். வாங்கியதும் மூன்று நாலு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் பருப்பும் மாவும் பிழைக்கும். அதற்கு இடமில்லை என்றால் சின்னப் பொட்டலமே லாபம்.

சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கு உரியதை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டோம், மற்றது அப்படியே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றது உணவங்காடிக்கு மட்டுமல்ல. அதில் சேர்ந்துள்ள அக்கம்பக்க மளிகைக் கடையிலும் சந்தைக் காய்கறிக் கடையிலும் மீன் கடையிலும் செல்லும். கடை முன்னால் ஒட்டியிருப்பதைப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். காலாவதி தேதிக்கு முன் தீர்த்துவிடுங்கள். அத்தை மெர்டேக்கா தலைமுறை (1950களில் பிறந்தவர்கள்) வயதில் இருப்பதால், அந்த அட்டை இருந்தால் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் எந்தக் கிழமை தள்ளுபடி கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். சாமான் அதிகம் வாங்குவதை அந்தக் கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்காக மட்டும் அலைய வேண்டாம். விலை ஒப்பிட பயனீட்டாளர் சங்கத்தின் 'பிரைஸ் காக்கி' செயலி இருக்கிறது. எண்ணெய், பால், அரிசி என்று அடிக்கடி வாங்கும் பத்துப் பொருளுக்கு ஒருமுறை பார்த்து வைத்தால் போதும். ரசீதில் பெட்டி மைலோ, சிப்ஸ், குளிர்பானம் எல்லாம் சேர்ந்து 86 வெள்ளி வந்திருக்கிறது. இதைப் பாதியாக்கினால் மாதம் 43 வெள்ளி, பிள்ளைகளின் பல்லுக்கும் நல்லது. மைலோ டின் வாங்கி வீட்டில் பாலில் கலக்கிக் கொடுங்கள்.

முடியவே முடியாத மாலைகள் வரும். மகளுக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கூட்டம், மழையில் பேருந்து வரவில்லை. அன்றைக்கும் டெலிவரிக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. 'சோறு வை' என்று மகனுக்குச் சொல்லிவிட்டு, வரும் வழியில் காப்பிக் கடைக் கலவைச் சோற்றுக் கடையில் சோறு இல்லாமல் இரண்டு காயும் ஒரு மீனும் மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டிலிருக்கும் தயிரும் முட்டையும் சேர்ந்தால் ஐந்து பேருக்கும் ஒப்பேறிவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) காப்பிக் கடைகள் பலவற்றில் சிக்கன விலை உணவு என்று பலகை வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 3 வெள்ளி 50 காசுக்குள் இருக்கும். வேலையிடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று கணவர் பார்த்து வைத்துக்கொண்டால், டப்பா எடுக்காத நாளில் 7 வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் 150 வெள்ளி கைச்செலவைத் தொடாதீர்கள். ஒரு நாளைக்கு மகனுக்கு நாலரை, மகளுக்கு மூன்று என்பது அதிகமில்லை. வளர்கிற வயது, பள்ளியில் பசியோடு உட்காரக் கூடாது. பாலையும் முட்டையையும் குறைக்காதீர்கள். உங்கள் மதியத்தைக் குறைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த ஞாயிறு பருப்பும் தொக்கும் மட்டும். அடுத்த ஞாயிறு மாவு. முதல் மாதம் 250 வெள்ளி குறைந்தாலே அது நல்ல தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் ரசீதுகளை எனக்குத் திரும்ப அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் ஒவ்வொரு நாளும் மதியம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதி அனுப்புங்கள். அந்தத் தாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.